கிழவன் தொண்டையில் இல்லை, முதுகில் இருக்கிறான்

நகைச்சுவைக் குரல் கொடுக்க வருகிறவர்கள் முதலில் தொண்டையைத்தான் படுத்துவார்கள். நானும் அப்படித்தான். ஒரு கிழவன் பாத்திரத்துக்காகத் தொண்டையை இறுக்கிப் பேசி, இரண்டு மணி நேரத்தில் குரல் கட்டிப்போய் மூன்று நாள் வேலை போனது. வாய் திறக்காமல் வீட்டில் கிடந்தபோதுதான் கண்ணாடி முன் கூன் போட்டு நின்று பார்த்தேன். கிழவன் அங்கே இருந்தான்.

"கதவைச் சாத்திட்டு வா" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்று ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் தோளைச் சரித்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கிச் சொல்லுங்கள். அடுத்து, உதட்டை அகல விரித்துச் சிரித்தபடி. உதடு விரிந்தால் ஒலி கடந்து வரும் பாதையின் நீளம் குறைகிறது, குரல் பளிச்சென்று ஆகிறது. குவித்தால் பாதை நீள்கிறது, குரல் கனக்கிறது. தொண்டையைத் தொடாமலே மூன்று ஆட்கள்.

ஆள் கிடைத்ததும் அவனுக்கென்று ஒரு பேச்சுப் பழக்கம் கொடுங்கள். டாஃபி டக் என்ற கார்ட்டூன் வாத்து, போர்க்கி பிக் என்ற கார்ட்டூன் பன்றி இரண்டுக்கும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர் மெல் பிளாங்க். வாத்து எச்சில் தெறிக்கப் பேசும், பன்றி திக்கும். கண்ணை மூடிக் கேட்டாலும் யார் பேசுவது என்று தெரிந்துவிடும். பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்காக மைக் முன் நிஜக் கேரட்டையே கடித்தார். மென்று விழுங்கிக்கொண்டிருந்தால் வசனம் தவறிவிடும், அதனால் துப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். ஜாக் பென்னியின் நகைச்சுவை வானொலி நிகழ்ச்சியில் ஓட்டைக் கார் இருமித் திணறுவதும் அவர் வாய்தான். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அந்தக் கார்.

சிரிப்பு மூச்சில் இருக்கிறது. டப்பிங்கில் உதட்டசைவு முன்பே முடிவாகிவிட்டதால் இழுக்கவும் சுருக்கவும் இடம் குறைவு. "பயமா? எனக்கா?" என்பதில் இரண்டு சொல்லுக்கும் நடுவே எச்சில் விழுங்குகிற சத்தம் மட்டும் விழட்டும். ஆள் நடுங்குவது அதிலேயே தெரிந்துவிடும். எழுதாத இந்தச் சத்தங்களைப் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். கத்தும்போது முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். கர்ஜனை, அலறல் எல்லாவற்றையும் கடைசியாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்கவே வேண்டாம், குரல் உங்களுடையது. வாய் காய்ந்து 'டிக் டிக்' என்று கேட்டால் தண்ணீர் குடியுங்கள், ஒரு துண்டு பச்சை ஆப்பிளும் உதவும்.

வாய்ப்புத் தேட ஒரு நிமிட மாதிரிப் பதிவு போதும். உங்கள் சிறந்த குரல் முதல் பத்து விநாடிக்குள் வரட்டும். பிரபலங்களின் குரலைப் பாவனை செய்து நிரப்பாதீர்கள். அவர்களைப் போலப் பேச நூறு பேர் இருக்கிறார்கள்.

அப்புறம், ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு தொடரின் இரண்டாம் பாகத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது, முதல் பாகத்தில் செய்த அணிலின் குரல் எனக்கே மறந்திருந்தது. ஒரு முழு மதியம் தேடினேன். இப்போது பதிவு முடிந்ததும், கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுதிவிடுகிறேன்: "அணில். குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும். மூக்கு சுருங்கியிருக்கும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும்."