ஆயா நடக்குது சார், எலும்பெல்லாம் ஒன்னும் ஆகல

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். இப்போது இரண்டு புதுப் பசங்க கூட வருகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் கீழே விழுந்த வயதானவர்களைப் பார்க்கும்போது நான் அந்தக் காலத்தில் செய்த தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். விழவைக்கும் ஈரத் தரை, தேய்ந்த செருப்பு எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முட்டி வலி என்றால் முட்டியை மட்டும் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தீராத தப்பு இது. வேலைக்கு வந்த புதிதில் காசிமேட்டில் ஒரு ஆயா, எழுபது தாண்டியவர், அடிபம்பிலிருந்து குடம் தூக்கி வரும்போது வாசப்படி தடுக்கிப் பக்கவாட்டில் விழுந்துவிட்டார். "ஆயா நடக்குது சார், எலும்பெல்லாம் ஒன்னும் ஆகல, முட்டிதான் வலிக்குதாம்" என்றார் மகன். முட்டிக்கு எக்ஸ்ரேகூட எடுத்திருந்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. நானும் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்து, நீட்டி மடக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நாலாம் நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். போய்ப் பார்த்தால் அந்தக் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது.

உடைந்திருந்தது இடுப்பில், தொடை எலும்பின் கழுத்து. உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றதால்தான் அத்தனை நாளும் நடந்திருக்கிறார். அப்போதே பிடித்திருந்தால் பெரும்பாலும் ஸ்க்ரூ போட்டு நிறுத்திவிடலாம். விலகிவிட்டால் எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, இந்த வயதில் பந்து போன்ற அந்தத் தலையையே மாற்ற வேண்டி வரும். ஆயாவுக்கு மாற்றினார்கள்.

இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகள் முட்டிக்கும் போகின்றன, அதனால் உடைவது ஓரிடம், வலிப்பது வேறிடம். விழுந்தவரைப் படுக்கவைத்து, காலை மெதுவாக உள்ளும் வெளியும் உருட்டிப் பாருங்கள். தொடை இடுக்கில் வலித்தால் அதோடு நிறுத்துங்கள், நடக்கவிடாதீர்கள், இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். படம் சரியாக இருந்தும் காலை ஊன்ற முடியவில்லை என்றால் எம்ஆர்ஐ அல்லது சிடி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

போன மாதம் ஒரு தம்பி, விழுந்து மூன்று நாளான பெரியவருக்கு, இடுப்பைத் தொட்டும் பார்க்காமல் முட்டியில் வலிக்கு வைக்கிற மெஷினை ஒட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டில் கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை. நல்லவேளை, அது வெறும் ரத்தக்கட்டு. ஆனால் அது அவனுக்கு எப்படித் தெரியும்?

எண்ணெய் போட்டு உருவுவது

வேண்டாம்.

கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது

தோளும் சேர்ந்து போகும். அசையவே முடியவில்லை என்றால் தலையணை வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலிக்கிற கால் பக்கமே கைத்தடி

எதிர்ப்பக்கக் கையில்.

"தடுக்கி விழுந்தேன்" என்றதை அப்படியே நம்புவது

எதில் தடுக்கியது என்று கேளுங்கள், பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தபோது என்றால் எனக்குச் சந்தேகம், எழுந்ததும் பிரஷர் இறங்கிவிட்டதோ என்றுதான். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும், நாமே நிறுத்தக்கூடாது. அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர் தலையில் அடிபட்டு "ஒன்னுமில்லப்பா" என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மண்டைக்குள் கசிகிற ரத்தம் சில வாரம் கழித்துக்கூடத் தூக்கமாகவும் குழப்பமாகவும் வெளியே வரும், வீட்டில் அதை வயசாகிவிட்டது என்பார்கள்.