ஒன்பதாம் வகுப்பில் ஒரு பை வியாபாரம்

தொழில்முனைவு பற்றி மேடை போட்டுப் பேசினால் பிள்ளைகள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சரக்கு வாங்கி, செய்து, விற்று, கணக்குப் பார்த்தால்தான் ஆசை பிடிக்கும். வடசென்னைப் பள்ளிகளில் மீன் விற்கிற, தையல் தைக்கிற, டிபன் கடை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் பலர். அதுவும் தொழில்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதல் வாரம் விசாரிப்பு. ஐந்து பேர் கொண்ட குழுவை, பெற்றோர் சம்மதத்தோடும் ஒரு பெரியவர் துணையோடும் துணிக்கடைகள் நிறைந்த பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கோ மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்கோ அனுப்புங்கள். தீபாவளி நெருக்கத்தில் வேண்டாம். யாருக்கும் பேச நேரமிருக்காது. "லாபம் எவ்வளவு?" என்று கேட்டால் கடைக்காரர் வாய் திறக்க மாட்டார். "விற்காம தங்கின சரக்கு எது? அதை என்ன பண்ணீங்கண்ணா?" என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்.

அடுத்தது பொருள். தின்பண்டம் வேண்டாம், கெட்டுப்போனால் வம்பு. துணிப்பை நல்லது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் என்று வாங்குபவரிடம் சொல்லக் காரணமும் இருக்கிறது.

36 அங்குல அகலக் காடாத் துணி 5 மீட்டர் வாங்கினால் பத்துப் பை வரும். முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இதை விட்டால் முதல் சலவையிலேயே பை சுருங்கி, வாங்கியவர் திரும்பி வரமாட்டார். ஒரு பையின் உடம்புக்கு 15 × 32 அங்குலம், கைப்பிடிக்கு 3½ × 16 அங்குலத்தில் இரண்டு. கைப்பிடி சேரும் இடத்தில் பெருக்கல் குறி போலத் தைக்க வேண்டும். ஒற்றைத் தையல் இரண்டு கிலோ வெங்காயத்துக்கே பிய்ந்துவிடும்.

இனிதான் முக்கியமான பாடம். மீட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணி 300, நூல் 20. "ஒரு பை 32 ரூபாய், 40க்கு விற்றால் 8 லாபம்" என்பார்கள் பிள்ளைகள். போக்குவரத்து 40, தையல் கூலி பைக்கு 10 வீதம் 100 சேர்த்தால் அடக்கவிலை 46. அதாவது பைக்கு 6 ரூபாய் நஷ்டம்! அம்மா சும்மா தைத்துக் கொடுத்தாலும் கூலியைக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள், அவர் கையில் கொடுக்கவும் வையுங்கள். அவர் உழைப்புக்கு விலை உண்டென்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். 60க்கு விற்றால் எட்டாவது பையில்தான் முதல் திரும்பும்.

சொந்தக்காரர்களும் ஆசிரியர்களுமே வாங்கி முடித்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. பாதியாவது அறிமுகமில்லாதவர்களுக்கு விற்க வேண்டும், கடன் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெற்றோர் கூட்ட நாளில் பள்ளி வாசல் நல்ல இடம்.

முதல் 500 ரூபாயைப் பள்ளியே கடனாகக் கொடுக்கட்டும்; பிள்ளைகளிடம் வசூலித்தால் இல்லாதவர் ஒதுங்கிவிடுவார். மதிப்பெண், வரவு செலவு எழுதும் நோட்டுக்கு மட்டும். நஷ்டப்பட்ட குழு காரணத்தைச் சரியாக எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டு, அடுத்த மாதமே மறுபடி முதல் கொடுங்கள்.