ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்: பூவோடு திரும்பிவிடாதீர்கள்

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போகிற பலருக்கும் அது பூ பார்க்கிற இடம்தான். பாத்தி முன்னால் நின்று நாலு படம், கண்ணாடி மாளிகையில் ஒரு சுற்று, அப்புறம் வர்க்கி வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பூச்செடிகள் சீசனுக்கு சீசன் மாறும். 1848-இல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் பொறுப்பேற்று உருவாக்கிய இந்தத் தோட்டத்தின் உண்மையான சொத்து மரங்கள்.

அவற்றை அவசரமில்லாமல் பாருங்கள். குரங்குகூட ஏறத் திணறும் என்று பெயர் வாங்கிய சிலி நாட்டு ஊசியிலை மரம் ஒன்று உண்டு. முக்கோண இலைகள் கிளையைச் சுற்றிச் செதில் மாதிரி அடுக்கியிருக்கும். நுனி முள்ளாகக் குத்தும். காகிதப் பட்டை மரத்தின் பட்டையோ ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும். பார்த்ததும் கை துறுதுறுக்கும், உரித்துவிடாதீர்கள். பட்டை மரத்தின் காப்பு. அதில் பெயர் செதுக்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! 2 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லப்படும் கல்மரத்தையும் வெறும் பாறை என்று தாண்டிப் போகிறார்கள். மரத்தின் திசுக்களில் தாதுக்கள் ஊறி, காலப்போக்கில் கல்லாகவே மாறிப்போனது அது.

அடுத்த தவறு, மே மாதம் போவது. மலர்க் கண்காட்சிதான் வேண்டும் என்றால் சரி, போங்கள். செடி பார்க்க ஆசையென்றால் அந்தக் கூட்டத்தில் ஒரு பெயர்ப்பலகையைக்கூட நின்று படிக்க முடியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசன் என் தேர்வு. காலையில் திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள்.

தொட்டபெட்டா சரிவில் படிப்படியாக ஏறுகிற தோட்டம் இது. வழுக்குகிற செருப்போடு வந்தால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள். மேலே தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. அது மக்கள் வாழும் இடம், காட்சிப்பொருள் அல்ல. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸை (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 மே முதல் அந்த நடைமுறை வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, அதனால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நடலாமே என்று நாற்றோ விதையோ கிள்ளி எடுக்கவும் வேண்டாம். குளிரில் வளர்ந்தது நம் சமவெளி வெயிலில் பெரும்பாலும் கருகித்தான் போகும்.

நாள் மிச்சமிருந்தால் குன்னூரில் 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவுக்கும் போய் வாருங்கள். ருத்ராட்ச மரம் அங்கே இருக்கிறது.