வீட்டு சர்வருக்கு இசிசி ராம்: பணம் போடும் முன் நடக்கும் தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர், பழைய கம்ப்யூட்டரில் நான்கு டிஸ்க் மாட்டி வீட்டிலேயே சர்வர் வைத்திருக்கிறார். ஒருநாள் ஒரு முகூர்த்தப் படத்தைத் திறந்தால், தாலி கட்டும் கை வரை சரி, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. பேக்கப்பிலும் அதே பட்டை. கேமரா கார்டை அதற்குள் அழித்துவிட்டிருந்தார். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை; ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓட்டிய பத்து நிமிடத்தில் ராம்தான் பழுது என்று தெரிந்தது. சர்வருக்குள் ஏறும்போதே கெட்ட படம் பேக்கப்புக்கும் போயிருக்கிறது.

சாதாரண ராம் தப்பு செய்தால் வாய் திறக்காது. பிழை திருத்தும் வகையான இசிசி ராம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்துக்கொள்ளும். ஒரு பிட் மாறினால் திருத்தும், இரண்டு மாறினால் எச்சரிக்கும். சினிமாவும் பாட்டும் மட்டும் வைத்திருப்பவர் இதற்குச் செலவு செய்ய வேண்டாம். வேறெங்கும் கிடைக்காத அசல் உங்கள் சர்வரில்தான் இருக்கிறது என்றால் செய்யலாம்.

டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டால் இசிசி கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ ஆரென்ஸே, மற்ற ஃபைல் சிஸ்டங்களைவிட அதற்கு இசிசி அதிகமாகத் தேவைப்படுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அதிகம் பேர் பணத்தை விடுவது வாங்கும் இடத்தில்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பழைய சர்வர் ராம் பெரும்பாலும் சர்வர் போர்டுகளுக்கான ஆர்டிம் வகை. வீட்டுக் கம்ப்யூட்டர் போர்டில் வேலை செய்யாது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான யூடிம் வகை இசிசி வாங்க வேண்டும். அதுவும் மாட்டியதும் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிராசசர், போர்டு இரண்டில் ஒன்று இசிசியை ஆதரிக்காவிட்டாலும் சாதாரண ராமாகவே ஓடும். லினக்ஸில் ராம் பிழைகளைக் கவனித்துச் சொல்லும் எடாக் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டிடிஆர்5 ராமில் சிப்புக்குள்ளேயே இருக்கும் திருத்தத்தையும் இசிசி என்று நம்பிவிடாதீர்கள். சிப்புக்கும் பிராசசருக்கும் நடுவில் நேரும் பிழையை அது பிடிக்காது.

நண்பரின் ராமைக் கழற்றிப் பார்த்தேன். கடற்காற்றில் பொன்னிறப் பற்கள் மங்கி, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ரப்பரால் தேய்த்து மாட்டியும் பிழை நிற்கவில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது. நம் ஊரில் வருடம் ஒருமுறையாவது ராமைக் கழற்றிப் பாருங்கள், ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டுங்கள். செலவே இல்லை.

இசிசிக்குக் கொடுத்துவிட்டு யுபிஎஸ்ஸுக்குக் காசில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024-ல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர். தரையில் வைத்த சர்வர் மூழ்கினால் எந்த ராமும் உதவாது. யுபிஎஸ், வெளியூரில் ஒரு பிரதி, அப்புறம் இசிசி, இந்த வரிசையில் போங்கள்.

நண்பர் இப்போது இசிசி ராமுக்கு மாறிவிட்டார். பேக்கப் டிஸ்க் ஒன்று விழுப்புரத்தில் அவருடைய அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் மாற்றிக்கொண்டு வருகிறார். பிரதியைச் சரிபார்க்கும் வரை கேமரா கார்டை அழிப்பதில்லை.