5600-ஆ, 5600எக்ஸ்-ஆ? வீட்டிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்ப்பது எப்படி

ஏஎம்டியின் கம்ப்யூட்டர் பிராசசர் சிப்புகளான ரைசன் 5 5600, 5600எக்ஸ் இரண்டில் எது வேகம் என்று கேட்டால் எக்ஸ்தான், அதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு வேகம், அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்பதுதான் விஷயம்.

முதலில் ஸ்பெக்கைப் பாருங்கள். இரண்டும் ஜென் 3 என்ற ஒரே வடிவமைப்பு, 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி), 65 வாட். 2020 நவம்பரில் 299 டாலருக்கு வந்த எக்ஸ் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை பூஸ்ட் ஆகும், அதாவது தேவைப்படும்போது வேகம் அதுவரை ஏறும். 2022 ஏப்ரலில் 199 டாலருக்கு வந்த 5600, 4.4 வரை. கணக்குப் போட்டால் நாலரை சதவீதம், அவ்வளவுதான். டெஸ்டில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வந்தால் சிப்பைக் குறை சொல்லாதீர்கள், வேறெங்கோ உதைக்கிறது. (பெயரைப் பார்த்து 5600ஜியையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். அதில் கேஷ் பாதிதான், 16 எம்பி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டியை இணைக்கும் பிசிஐஇயும் பழைய 3.0-தான்.)

இப்படி உதைத்த கதை ஒன்று என்னிடமே இருக்கிறது. என் 5600-ஐயும் தம்பியின் 5600எக்ஸையும் ஃபைல் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளில் உள்ள பெஞ்ச்மார்க்கில் (வேகச் சோதனை) ஓட்டினால் அவனுடையதுதான் பின்தங்கியது, அவனுக்கு முகமே சுருங்கிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 3200 என்று வாங்கிய ரேம் 2666-இல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒற்றைக் குச்சி. பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதில் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்து இன்னொரு குச்சியையும் போட்டபிறகுதான் எக்ஸ் முன்னால் வந்தது. அதனால் முடிந்தால் ஒரே மதர்போர்டில் சிப்பை மட்டும் மாற்றி மாற்றிப் போடுங்கள். முடியாவிட்டால் ரேம், கூலர், விண்டோஸ் பவர் பிளான் மூன்றையாவது ஒன்றாக வையுங்கள்.

அப்புறம் சிப்பின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருள். 10 நிமிட டெஸ்டையே ஓட்டுங்கள், ஒரே ஒரு ரன் ஓட்டினால் சிப் சூடாவதற்குள் முடிந்துவிடும். மூன்று முறை ஓட்டி நடுவில் வரும் ஸ்கோரை எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே சிப்பின் நிலவரத்தைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து கிளாக், சூடு, வாட் மூன்றையும் கவனியுங்கள். ஸ்பெக்கில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், எல்லாக் கோரும் வேலை செய்யும்போது இரண்டு சிப்பும் 76 வாட் என்ற மின்சார வரம்பில் முட்டிக்கொள்ளும், அங்கே இடைவெளி இன்னும் குறையும். சிங்கிள் கோர் டெஸ்டில்தான் அந்த 200 மெகாஹெர்ட்ஸ் பூஸ்ட் வித்தியாசம் கொஞ்சம் தெரியும்.

கேம் டெஸ்ட் என்றால் 1080பி, கிராபிக்ஸ் செட்டிங் லோ. 4கே அல்ட்ராவில் வைத்தால் கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சுவாங்கும், இரண்டு சிப்பும் ஒரே எண்ணைக் காட்டும். சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம் வருகிறது) மட்டும் பார்க்காமல் 1 சதவீத லோவையும் (மிக மெதுவாக வந்த 1 சதவீதப் படங்களின் வேகம்) பாருங்கள், திக்கித் திக்கி ஓடுவது அதில்தான் மாட்டும். ஒவ்வொரு முறையும் அதே காட்சி, அதே வழி. இரண்டு சதவீதத்துக்குள் வரும் வித்தியாசத்தை நான் சமம் என்றே எடுத்துக்கொள்வேன்.

கடைசியில் விலை. இரண்டு சிப்புமே அன்லாக்ட்தான், அதாவது வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். 5600-இல் பிபிஓவை (பூஸ்ட் வரம்பைத் தளர்த்தும் ஏஎம்டி செட்டிங்) ஆன் செய்து 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் எக்ஸை ஏறக்குறையப் பிடித்துவிடலாம், ஆனால் வாரண்டி கவர் ஆகாது. கடையில் விலை வித்தியாசம் ஒரு நல்ல கூலர் வாங்கும் அளவுக்கு இருந்தால் 5600-ஐயும் கூலரையும் வாங்குங்கள். நூறு இருநூறு ரூபாய்தான் என்றால், சரி, எக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்.