ரெண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுவது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போடுகிறவர்களில் பலருக்கு, டூரிஸ்ட்டுகளுக்குத் தோட்டம் காட்டினால் என்ன என்ற யோசனை இருக்கிறது. தாராளமாகக் காட்டலாம். பெரிய எஸ்டேட் மாதிரி ஜிப்லைன், செல்ஃபி மேடை என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். நம்மிடம் இருப்பது செடியும் அதைத் தெரிந்த கையும்தான், அதற்கே ஆள் வருவார்கள்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல், மேயில் கோடை மழை விழுந்தால் கொழுந்து நன்றாக வரும். ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி என்று கூட்டமும் அப்போதுதான். 2024 மேயிலிருந்து நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்குத்தான் போன் போடுவார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும்; தொட்டபெட்டா மலை மறைப்பதால் கோத்தகிரிச் சரிவுக்கு அவ்வளவு வராது. நமக்கு அக்டோபர், நவம்பர்தான் பெருமழை. அந்த இரண்டு மாதம் முன்பணம் வாங்காமல் இருப்பது நல்லது, மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் யாரும் மேலே வர முடியாது.

டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி. பள்ளத்தில் இருக்கும் செடிகள் கருகி நிற்கும், பறிக்கக் கொழுந்து கொஞ்சம்தான் இருக்கும், இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் குளிரில் மெதுவாக வளர்ந்த கொழுந்தின் வாசனையே தனி, வருடத்தில் நல்ல டீ குடிக்க வேண்டுமென்றால் அப்போதுதான் வர வேண்டும். கவாத்து செய்த பகுதி இருந்தால் அங்கேயும் கூட்டிப் போங்கள். வெறும் குச்சியாக நிற்பதைப் பார்த்துச் செத்துப்போச்சா என்று கேட்பார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி வெட்டாவிட்டால் செடி மரமாகிவிடும் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

கொழுந்து பறிக்க அவர்களுக்கென்று நாலு வரிசையைத் தனியாக விடுங்கள். இது எனக்குப் பட்டுத் தெரிந்தது: ஒரு தடவை அவர்கள் கிள்ளியதையும் எங்கள் சாக்கிலேயே போட்டுவிட்டேன், கரட்டு இலை, அதாவது முற்றிய இலை, அதிகம் என்று ஃபேக்டரியில் விலையைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று எல்லோருக்கும் தெரியும், நகத்தால் கிள்ளக் கூடாது என்பது தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒடிக்க வேண்டும், இளசாக இருந்தால் டப்பென்று ஒடியும். மருந்தடித்த பகுதிப் பக்கமே விடாதீர்கள், எத்தனை நாள் இடைவெளி என்று குப்பியிலேயே போட்டிருக்கும்.

அப்புறம் டீ தயாரிப்பு, இதுதான் அவர்கள் வீட்டுக்குப் போயும் பேசப் போவது. பறித்த இலை வாடவே ஓர் இரவு ஆகும் என்பதால் ஒவ்வொரு கட்டத்தையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். முந்தின நாள் பறித்ததை முறத்தில் பரப்பி வைத்தால் காலையில் தொய்ந்து துணி மாதிரி இருக்கும். அதில் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் சாறு கசிந்து பிசுபிசுக்கும், பச்சை வாசம் மெல்ல மாறிப் பழ வாசம் எட்டிப் பார்க்கும். உருட்டி ஈரத்துணி மூடி வைத்த இன்னொரு தட்டைக் காட்டினால் செப்பு நிறத்துக்கு மாறியிருப்பது தெரியும். கடைசியில் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்து உலர்த்துங்கள். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் என்பதை இந்த இடத்தில் சொன்னால், பாக்கெட் விலையைப் பற்றி யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், வரிசைக்கு நடுவே நடக்கவே இடம் இருக்காது. நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள், சாயங்காலம் ஆனால் காட்டெருமை இறங்கும். போட்டோ எடுக்கக் கிட்டே போகிறவர் எல்லாக் குழுவிலும் ஒருத்தராவது இருப்பார், முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். விற்கும் பாக்கெட்டில் பறித்த மாதத்தைக் கையாலேயே எழுதுங்கள். ஜனவரி என்று எழுதியதுதான் எங்களிடம் முதலில் தீரும்.