பூல் போட்டியில் நேரம் மிச்சம்: குஷன் உண்டா, இல்லையா?

பில்லியர்ட்ஸ் போன்ற மேசை ஆட்டமான பூலில், அடிக்கக் குனிவதற்கு முன் ஒரே கேள்வி போதும்: இலக்குப் பந்தில் பட்ட பிறகு நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து குஷனை (மேசையின் ரப்பர் ஓரத்தை) தொடுமா? தொடாது என்றால் சைடு ஸ்பின் (பந்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ அடித்துச் சுழலவிடுவது) யோசனையே வேண்டாம். நடுக்கோட்டில் மேலேயோ கீழேயோ அடித்துவிட்டு அடுத்த பந்துக்குப் போங்கள்.

சைடு ஸ்பின் வெள்ளைப் பந்தின் திசையைப் பெரிதாக மாற்றுவது குஷனில் பட்டுத் திரும்பும்போதுதான். குஷன் இல்லாத ஷாட்டில் ஆதாயம் சொற்பம், தொல்லை முழுசாக வரும்: வலப்பக்கம் அடித்தால் பந்து சற்று இடப்பக்கம் விலகிக் கிளம்பும், மெதுவாக அடித்தால் போகப்போக வலப்பக்கம் வளையும், இலக்குப் பந்தையும் கொஞ்சம் தள்ளிவிடும். இந்த மூன்றையும் கணக்குப் போடத்தான் பலர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிகிறார்கள். 30 வினாடிக் கடிகாரம் ஓடும் ஆட்டத்தில் அது கட்டுப்படியாகாது.

குஷன் உண்டு என்றால், எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை நின்றபடி கியூவின் (அடிக்கும் கோலின்) நுனியில் சாக் தேய்க்கும்போதே முடிவு செய்யுங்கள். மையத்திலிருந்து ஒரு டிப் (கியூ நுனி) அகலம் தாராளம். பந்தின் ஆரத்தில் பாதியைத் தாண்டினால் கியூ வழுக்கும். குனிந்தபின் மனம் மாறினால் மணிக்கட்டைத் திருப்பிச் சமாளிக்காமல் எழுந்துவிடுங்கள்.

ஒட்டிக்கொள்ளும் அழுக்குப் பந்துகளில் இலக்குப் பந்து தள்ளப்படுவதைத் தவிர்க்க வேண்டுமென்றே சைடு ஸ்பின் கொடுப்பவர்களுக்கும், சேஃப்டி ஷாட்டுகளுக்கும் (பந்தைக் குழியில் போடாமல் எதிராளிக்குக் கடினமாக்கும் அடிகளுக்கும்) இது பொருந்தாது.